உரிந்த தோலும் உச்சி வெயிலும்

கறுத்துப் போன பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் அது பொன்னைப் போல் பளபளக்கும் என்பதை நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. புளியில் உள்ள அமிலம் குடத்தின் மேல் படிந்த களிம்பைக் கரைக்கிறது. உள்ளே இருக்கும் பித்தளை வெளியே தெரிகிறது. இந்தக் காலத்தில் மனிதருடைய முகத்துக்கும் ஏறக்குறைய இதே வித்தையைச் செய்கிறார்கள். இங்கிலீஷில் அதற்குக் ‘கெமிக்கல் பீல்’ என்று பெயர். தமிழில் ரசாயனத் தோலுரிப்பு என்று சொல்லலாம். முகப்பரு விட்டுச் சென்ற தழும்பு, கன்னத்தில் படரும் மங்கு, பழைய கறுப்புத் திட்டு ஆகியவற்றுக்காகக் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு முதலிய கரிசல் சீமை ஊர்களிலிருந்து பெண்களும் வாலிபர்களும் ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறித் திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் போய் இந்தச் சிகிச்சை செய்து கொண்டு வருகிறார்கள்.

ஆனால் குடத்துக்கும் முகத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. குடத்தைத் தேய்த்து அலம்பிக் கவிழ்த்து வைத்துவிட்டால் வேலை முடிந்தது. முகத்துக்கோ, தேய்த்த பிறகுதான் வேலை ஆரம்பமாகிறது. வைத்தியசாலையில் டாக்டர் அமிலத்தைத் தடவி வைத்திருப்பது சில நிமிஷங்களே. அதற்குப் பிறகு வீட்டில் கழிக்க வேண்டிய நாட்களோ அநேகம். முகம் தெளிவதும், முன்னிலும் அதிகமாகக் கறுப்பதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் நிர்ணயமாகின்றன. கரிசல் காட்டு வெயிலில் வாழ்கிறவர்கள் இதை முக்கியமாகத் தெரிந்து கொள்ள வேண்டும்.

தோல் உரிவது எப்படி?

நம் சருமத்தின் மேற்பரப்பு உயிரற்ற அணுக்களால் ஆனது. அடியில் புதிய அணுக்கள் இடைவிடாமல் பிறந்து, மெள்ள மெள்ள மேலே வந்து, ஏறக்குறைய 28 நாட்களில் பழையனவற்றின் ஸ்தானத்தைப் பிடித்துக் கொள்கின்றன. நமக்குத் தெரியாமலே நாம் தினந்தோறும் தோல் உரித்துக் கொண்டுதான் இருக்கிறோம். அமிலம் செய்வதெல்லாம் இந்த வேலையைத் துரிதப்படுத்துவதுதான். மேலடுக்கின் பிடிப்பைத் தளர்த்தி உதிர்க்கிறது. அடியில் உள்ள அடுக்கைப் புதுப்பிக்கும்படி தூண்டுகிறது.

இந்த வித்தை புதியதன்று. 1882-ல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து டாக்டர் பால் ஊன்னா என்பவர் ஸாலிஸிலிக் அமிலம், பினால் முதலியவை தோலை உரிக்கும் விதத்தை விவரித்து எழுதினார். 1974-ல் அமெரிக்காவில் வான் ஸ்காட், யூ என்ற இருவர் பழங்களிலும் பாலிலும் உள்ள மென்மையான அமிலங்கள் தடித்த தோலைச் சீர்செய்யும் என்று காட்டினார்கள். கரும்பில் கிளைகாலிக் அமிலம் இருக்கிறது. புளித்த தயிரில் லாக்டிக் அமிலம். நம்முடைய புளியில் டார்டாரிக் அமிலம். இவற்றைச் சுத்தமாகப் பிரித்தெடுத்து, இத்தனை சதவிகிதம் என்று அளந்து, கடிகாரத்தைக் கையில் வைத்துக் கொண்டு தடவுவதே இன்றைய சிகிச்சை.

ஆழத்தை அனுசரித்து இதில் மூன்று வகை உண்டு. மேலடுக்கை மட்டும் தொடுவது முதல் வகை. அதற்கு அடியில் உள்ள அடுக்கின் விளிம்பு வரை செல்வது இரண்டாவது. அதற்கும் கீழே இறங்குவது மூன்றாவது. மூன்றாவது வகைக்குப் பினால் என்ற கடுமையான அமிலத்தை உபயோகிப்பார்கள். அது இருதயத்தின் துடிப்பையே பாதிக்கக் கூடியது. இந்தியத் தோல் வைத்திய நிபுணர்களின் சங்கம் 2008-ல் வெளியிட்ட விதிமுறைகளில், நம்மவர் சருமத்துக்கு இந்த ஆழமான உரிப்பு உகந்ததல்ல என்று கூறப்பட்டிருக்கிறது. ஏன் என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

கறுப்பு என்னும் காவல்காரன்

சருமத்துக்கு நிறத்தைக் கொடுப்பது மெலனின் என்ற பொருள். அதை உண்டு பண்ணும் அணுக்கள் வெள்ளைக்காரனுக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். நம்முடைய அணுக்கள் அதிக ஊக்கத்துடன் வேலை செய்து, பெரிய பெரிய மெலனின் பொட்டலங்களைக் கட்டி மேலே அனுப்புகின்றன. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் உள்ளே புகுந்து அணுக்களைக் கெடுக்காதபடி அவை குடைபோல் கவிந்து நிற்கின்றன. பருத்திக் காட்டில் நாளெல்லாம் நிற்கிறவருடைய கரிய மேனி, இயற்கை அவருக்குத் தைத்துக் கொடுத்த சட்டை.

1975-ல் அமெரிக்க டாக்டர் பிட்ஸ்பாட்ரிக் என்பவர், வெயிலுக்கு எப்படி ஈடு கொடுக்கிறது என்பதை வைத்துச் சருமத்தை வகைப்படுத்தினார். பின்னர் விரிவாக்கப்பட்ட அந்தக் கணக்கில் ஆறு வகைகள் உண்டு. நம் நாட்டவரில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து, ஆறு என்ற கடைசி மூன்று வகைகளில் அடங்குவர்.

இந்தக் காவல்காரன் மிகவும் விசுவாசமுள்ளவன். ஆனால் கொஞ்சம் அவசரக்காரன். கொசுக்கடியோ, பருவோ, தீச்சூடோ, அமிலமோ, எது தோலைத் தொந்தரவு செய்தாலும் உடனே விழித்துக் கொண்டு அந்த இடத்தில் மெலனினைக் கொட்டி விடுவான். பரு ஆறிய பிறகும் கறுப்புப் புள்ளி மாதக் கணக்கில் நிற்பதற்குக் காரணம் இதுவே. தோலுரிப்புச் செய்து கொண்டவர் முகம் மூன்று, நான்கு வாரங்களுக்குப் பிறகு முன்னிலும் கறுத்துப் போவதும் இதனால்தான். உரிந்த புதுத் தோலின் மேல் வெயில் பட்டால் காவல்காரனுக்கு இரட்டிப்பு வேகம் வந்து விடுகிறது. வெள்ளைத் தோலுக்கு எழுதப்பட்ட யோசனைகளைக் கைப்பேசியில் பார்த்து நம் வீட்டில் நடத்தக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

நிறம் ஒரு வியாதியா?

இங்கே ஒரு விஷயத்தை ஒளிவு மறைவின்றிப் பேசிவிட வேண்டும். மங்கு ஒரு நோய். பருத்தழும்பு ஒரு குறை. இவற்றுக்குச் சிகிச்சை தேடுவது நியாயம். மாநிறமும் கருநிறமும் நோயல்ல. ‘பெண் கொஞ்சம் நிறம் மட்டு’ என்று பிள்ளை வீட்டார் முகத்தைச் சுளிக்கிறார்களே என்பதற்காக ஒரு பெண்ணை அமிலத்தின் முன் உட்கார வைப்பது வைத்தியமாகாது. தோலுரிப்பு ஒருவருடைய பிறவி நிறத்தை மாற்றுவதும் இல்லை. திட்டுத் திட்டாக இருப்பதைச் சமப்படுத்தலாம். அதற்கு மேல் வாக்குக் கொடுப்பவரிடம் போகாமல் இருப்பதே நலம்.

டாக்டர் ஊன்னா தம் ஆராய்ச்சியை வெளியிட்ட அதே 1882-ம் ஆண்டிலேதான் கோவில்பட்டிக்கு அடுத்த எட்டயபுரத்தில் சுப்பிரமணிய பாரதியார் பிறந்தார். கரிய நிறத்துக் கண்ணனைத் தாயாகவும் தந்தையாகவும் சேவகனாகவும் காதலனாகவும் பாவித்துப் பாடிய மகாகவி பிறந்த மண் இது. அந்த மண்ணிலே மணப்பெண்ணுக்குக் கறுப்பு ஒரு குறை என்று பேசுவது வேடிக்கையாயில்லையா?

வேடிக்கையோடு போனால் பாதகமில்லை, விபரீதமும் கலந்திருக்கிறது. 1975-ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற கிரீம், எதிர்ப்புக்குரல்கள் வலுத்த பிறகு 2020-ல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று பெயரை மாற்றிக் கொண்டது. கறுப்பும் அழகே என்ற இயக்கத்தைச் சென்னையில் 2009-ல் பெண்கள் தொடங்கினார்கள். ஆயினும் மருந்துக் கடைகளில் ‘முகம் வெளுக்க ஒரு டியூப்’ என்று கேட்டு வாங்கும் வழக்கம் ஒழிந்தபாடில்லை. அந்த டியூப்கள் பலவற்றில் பீட்டாமெத்தஸோன், க்ளோபெட்டஸால் முதலிய ஸ்டீராய்டு மருந்துகள் இருக்கின்றன. முதல் சில வாரங்கள் முகம் பளிச்சென்று தெரியும். பிறகு தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் சிவந்த நூல்போல் வெளியே தெரிந்து, பருவும் மயிரும் முளைக்கும். விட்டு விட்டாலோ முகம் நெருப்பாய் எரியும். டாக்டரின் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கலாகாது என்று 2018-ல் மத்திய சர்க்கார் உத்தரவு பிறப்பித்தது. அப்படி மெலிந்து போன முகத்தில் அமிலம் பட்டால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. ஆகையால் இதுவரை முகத்தில் பூசிய ஒவ்வொரு டியூபையும் கையோடு எடுத்துச் சென்று டாக்டரிடம் காட்ட வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பதால் வரும் நஷ்டம் மறைப்பவருக்கே.

பருவம் பார்த்துச் செய்க

கோவில்பட்டியில் 1901 முதல் விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்து வருகிறது. மானாவாரிக் கரிசலில் எதை எப்போது விதைப்பது என்பதே அதன் பெரிய ஆராய்ச்சி. பருவம் தப்பிய விதை பலன் தராது என்பது இந்தப் பக்கத்துச் சம்சாரிக்குப் பிறவி ஞானம். தோல் சிகிச்சைக்கும் அந்த ஞானம் பொருந்தும்.

மாசி பிறந்தால் இங்கே வெயில் ஏறத் தொடங்கிவிடும். பங்குனியில் செண்பகவல்லியம்மன் கோவில் திருவிழா. சித்திரை, வைகாசியில் அக்கினி நட்சத்திரம். ஆனி, ஆடியில் மேல் காற்று. ஐப்பசி மழைக்குப் பிறகு கார்த்திகை, மார்கழி மாதங்களே ஓரளவு தணிந்த காலம். அவசரமில்லாதவர்கள் அந்த மாதங்களில் சிகிச்சையை வைத்துக் கொள்வது நல்லது. அப்போதும் நண்பகல் வெயிலைச் சாதுவென்று எண்ணி ஏமாறக் கூடாது.

நிலத்தை உழாமல் விதைப்பதில்லை அல்லவா? அது போலவே, தோலுரிப்புக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு முன்பே டாக்டர் சில கிரீம்களைக் கொடுத்து முகத்தைத் தயார் செய்வார். வெயிலைத் தடுக்கும் பூச்சையும் அப்போதே பழகிக் கொள்ளச் சொல்வார். இதைத் தாண்டிக் குதித்து, போன அன்றே உரித்து அனுப்பும் இடத்தைச் சந்தேகிக்கலாம். கர்ப்பிணி, கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர், ஆஸ்பிரின் ஒத்துக் கொள்ளாதவர், உதட்டோரம் அடிக்கடி அக்கி போன்ற கொப்புளம் காணுகிறவர், காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர், பருவுக்காக ஐஸோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர் எல்லாரும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிகிச்சைக்கு முந்திய ஒரு வாரம் முகத்தில் நூல் போட்டு மயிர் நீக்குவதும், மெழுகு வைத்து இழுப்பதும், ப்ளீச் செய்வதும் கூடாது.

கலியாணத்துக்குத் தேதி குறித்துவிட்டுக் கடைசி வாரத்தில் முதன்முதலாகத் தோலுரிப்புக்கு ஓடும் வழக்கம் பெருகி வருகிறது. இதைவிட அறியாமை வேறில்லை. இச்சிகிச்சை சாதாரணமாக இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒன்றாகப் பல தடவை செய்ய வேண்டியது. தை மாதக் கலியாணம் என்றால் ஆவணியிலேயே டாக்டரைப் பார்க்க வேண்டும். கடைசி உரிப்புக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே ஒரு மாதமாவது இருக்க வேண்டும்.

முதல் ஏழு நாள்

மேலடுக்கை மட்டும் தொடும் மென்மையான உரிப்பைச் செய்து கொண்டவர் வீடு திரும்பும்போது முகம் சற்றுச் சிவந்து, தோல் இறுக்கிப் பிடித்தாற்போல் இருக்கும். இதற்குப் பயப்பட வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியைச் சிறிது நேரம் முகத்தில் போட்டுக் கொள்ளலாம். பனிக்கட்டியை நேரே வைத்துத் தேய்க்கக் கூடாது.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தோல் வறண்டு, வெங்காயச் சருகுபோல் வாயைச் சுற்றி முதலிலும் பிறகு கன்னத்திலும் உதிரத் தொடங்கும். ஏழாம் நாளுக்குள் அநேகமாக முடிந்துவிடும். சிலருக்கு உதிர்வதே கண்ணுக்குத் தெரியாது. அதனால் சிகிச்சை பலிக்கவில்லை என்று எண்ண வேண்டியதில்லை. இரண்டாவது வகையான உரிப்பானால் முகம் வீங்கி, பழுப்பேறிப் பொருக்குத் தட்டி, ஆறுவதற்குப் பத்து நாள், இரண்டு வாரம்கூட ஆகும். அப்போது தலையணையைச் சற்று உயர்த்தி மல்லாந்து படுப்பது வீக்கத்தைக் குறைக்கும்.

இந்த நாட்களில் செய்ய வேண்டியவை மிகவும் சொற்பம். காலையும் மாலையும் குளிர்ந்த தண்ணீரில், டாக்டர் சொன்ன காரமில்லாத கழுவு திரவத்தைக் கொண்டு விரல் நுனியால் முகத்தைக் கழுவ வேண்டும். பழைய மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், துடைக்கக் கூடாது. ஈரம் முற்றிலும் காய்வதற்குள் வாஸலினோ, டாக்டர் கொடுத்த ஈரம் காக்கும் கிரீமோ தடவிக் கொள்ள வேண்டும். எப்பொழுதெல்லாம் தோல் இழுப்பதுபோல் தோன்றுகிறதோ அப்பொழுதெல்லாம் மறுபடியும் தடவலாம்.

செய்யக் கூடாதவைதான் அதிகம். அவற்றுள் தலையானது, உரிந்து தொங்கும் தோலைக் கையால் பிய்ப்பது. கண்ணாடியின் முன் நின்றால் கை தானாக அங்கே போகும். அதைக் கட்டி வைக்க வேண்டும். தானே உதிர வேண்டிய தோலைப் பலாத்காரமாக இழுத்தால் அடியில் புண்ணாகும். புண் ஆறிய இடத்தில் கறுப்புத் திட்டு நிற்கும். ஒரு திட்டைப் போக்கப் போய் ஒன்பது திட்டுகளை வாங்கி வருகிறவர்களில் பலர் விரல் நகத்தால் வாங்கியவர்களே. முகத்துக்கு ஆவி பிடிப்பது, சொரசொரப்பான பொடி தேய்ப்பது, பவுடர் பூசுவது, வியர்வை வழியத் தேகாப்பியாசம் செய்வது எல்லாவற்றையும் தள்ளி வைக்க வேண்டும். பருவுக்கும் மங்குக்கும் முன்னால் பூசி வந்த மருந்துகளை டாக்டர் சொன்ன நாளில்தான் மறுபடி தொடங்க வேண்டும்.

கரிசலின் ஐந்து சத்துருக்கள்

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொது. கரிசல் சீமையில் புதுத் தோலுக்குத் தனியாக ஐந்து சத்துருக்கள் உண்டு.

முதல் சத்துரு வெயில். புற ஊதாக் கதிரின் கடுமையை அளக்க உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு குறியெண் வைத்திருக்கிறது. மூன்று வந்தாலே பாதுகாப்பு வேண்டும். பதினொன்றும் அதற்கு மேலும் அபாயம் என்பது அதன் கணக்கு. தென் தமிழ்நாட்டில் கோடை நண்பகலில் அது பதினொன்றைத் தாண்டுவது சகஜம். இங்கே நிழல் தரும் மரமும் குறைவு. மேகம் மூடியிருந்தாலும் கதிர்கள் ஊடுருவும்; பஸ் ஜன்னலின் கண்ணாடியும் அவற்றில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். ஆகையால் முதல் வாரத்தில் காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை வெளியே போகாமலிருப்பது உத்தமம். சிகிச்சை முடிந்து ஊர் திரும்பும் பிரயாணத்துக்கே குடையும் முகத்தை மூட ஒரு பருத்தித் துணியும் வேண்டும்.

இரண்டாவது காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கயத்தாற்றுப் பக்கம் வரிசையாய் நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்று, முகத்தில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக் கொண்டு அதற்குப் பதிலாகப் புழுதியை அப்பிவிட்டுப் போகும். மோட்டார் சைக்கிளில் முகத்தைத் திறந்து வைத்துப் பின்னால் உட்கார்ந்து போவது இந்த நாட்களில் ஆகாது.

மூன்றாவது தண்ணீர். கரிசல் பூமியில் பல இடங்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உவர்ப்பும் கடினமும் கொண்டது. சோப்பு நுரைக்காது, தோலை வறட்டும். தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும் வீடுகளில், அதில் ஒரு குடத்தை முகம் கழுவுவதற்கென்று எடுத்து வைப்பது பெரிய செலவல்ல. குடிக்கக் கிடைக்கும் நல்ல தண்ணீரே முகத்துக்கும் ஏற்றது.

நான்காவது அடுப்பு. சூரியனின் வெளிச்சம் மட்டுமல்லாமல் வெப்பமும் மங்கை அதிகப்படுத்தும். மூன்று வேளைச் சமையலுக்கு அடுப்பின் முன் நிற்கிற பெண்ணும், கடலை மிட்டாய்க்கு வெல்லப் பாகு காய்ச்சுகிற இடத்தில் வேலை செய்கிறவரும் ஒரு வாரமாவது அந்த அனலை விட்டு விலகியிருக்க வேண்டும்.

ஐந்தாவது தூசி. மிளகாய் வற்றல் காயும் களம், பஞ்சு பறக்கும் அரவை ஆலை, தீக்குச்சி மருந்து கலக்கும் கொட்டகை ஆகிய எல்லாம் இந்தப் பக்கத்து ஜனங்களின் ஜீவனம். சாதாரணத் தோலே அங்கே அரிக்கும் என்றால், உரிந்த தோலைப் பற்றிக் கேட்பானேன்? வற்றல் இடித்த கையால் முகத்தைத் தொட்டவர்களுக்கு மேலும் விளக்கம் வேண்டாம்.

அஞ்சறைப் பெட்டி வைத்தியம்

முகம் சிவந்திருப்பதைப் பார்த்ததும் வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு இரக்கம் பொங்கும். ‘கொஞ்சம் எலுமிச்சம் பழச் சாறு பிழிந்து போடேன்’ என்பார் பாட்டி. ‘மஞ்சளை இழைத்துப் பூசு’ என்பார் அத்தை. அவர்களுடைய அன்பைச் சிரமேற்கொண்டு, யோசனையை மட்டும் மரியாதையாக விலக்கிவிட வேண்டும். எலுமிச்சைச் சாறு தானே ஓர் அமிலம். அதோடு, அது பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளமும் கருந்திட்டும் உண்டாகும். கஸ்தூரி மஞ்சள், கடலை மாவு, சந்தனம், தக்காளி, பல்பொடி எதுவும் தோல் முற்றும் ஆறும் வரை வேண்டாம். மஞ்சளும் குங்குமமும் சிலருக்கு ஒத்துக் கொள்ளாமல் அரிப்பை உண்டாக்குவதும் உண்டு.

சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்தை ஒரு வாரம் தள்ளிப் போடலாம். தலைக்கு விட்டுக் கொள்ளத்தான் வேண்டும் என்றால் சீயக்காய்த் தண்ணீர் முகத்தில் வழியாதபடி தலையைப் பின்னால் சாய்த்து வேறொருவர் ஊற்ற வேண்டும்.

வீட்டு வைத்தியத்திலும் விபரீதமான ஒன்று இப்போது தோன்றியிருக்கிறது. கடுமையான அமிலங்களைச் சிறு சீசாக்களில் அடைத்துக் கைப்பேசி வழியாகவே விற்கிறார்கள். தபால்போல் வீட்டுக்கு வந்துவிடுகிறது. கிளைகாலிக் அமிலத்தைத் தக்க நிமிஷத்தில் நடுநிலைப்படுத்திக் கழுவாவிட்டால் அது மேலும் மேலும் உள்ளே இறங்கும். ட்ரைகுளோரோ அஸெடிக் அமிலத்தைத் தடவியதும் தோல் உறைபனி பூத்ததுபோல் வெளுக்கும். அந்த வெளுப்பின் அளவைப் பார்த்து நிறுத்துவது பழகிய கண்ணுக்கே தெரியும். கண்ணாடியைப் பார்த்துக் கொண்டு தன் முகத்தில் தானே இதைப் பரீட்சை செய்வது, கண்ணைக் கட்டிக் கொண்டு கிணற்று மேட்டில் நடப்பதற்குச் சமானம்.

டாக்டரிடம் ஓட வேண்டிய தருணங்கள்

சில அடையாளங்களைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. எரிச்சலும் வலியும் நாளுக்கு நாள் குறையாமல் கூடுதல். சீழ், மஞ்சள் நிறப் பொருக்கு, காய்ச்சல். உதட்டோரத்திலோ கன்னத்திலோ கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள். இரண்டு மூன்று வாரங்களுக்கு மேலும் ஓரிடத்தில் நீங்காத சிவப்பு, அந்த இடத்தில் அரிப்பு, தடிப்பு. கண்ணுக்குள் அமிலம் தெறித்ததால் உண்டாகும் கலக்கம். இவற்றில் எது நேர்ந்தாலும் சிகிச்சை செய்த டாக்டரிடமே போக வேண்டும். அவர் தூரத்தில் இருந்தால் அருகில் உள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன அமிலம், என்றைக்குத் தடவியது என்பதைச் சொல்ல வேண்டும். இதற்காகவே சிகிச்சை நாளன்று ஒரு சீட்டில் அமிலத்தின் பெயரையும் சதவிகிதத்தையும் எழுதி வாங்கி வைத்துக் கொள்வது நல்ல வழக்கம்.

கறுப்பு மெள்ளத் தலைகாட்டினால், ‘தானே போய்விடும்’ என்று ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். ஆரம்பத்திலேயே கவனித்தால் பெரும்பாலும் கட்டுப்படும். சிகிச்சை உண்டு, பொறுமைதான் வேண்டும்.

தோல் ஆறிய பிறகு

பொருக்கு உதிர்ந்து, சிவப்பு மாறி, கண்ணாடியில் முகம் தெளிவாகத் தெரிந்ததும் எல்லாம் முடிந்தது என்று குடையை மூலையில் சாத்திவிடுகிறவர்கள் அநேகர். உண்மையில் அடுத்த சில மாதங்களுக்குப் புதுத் தோல் வெயிலுக்கு மிகவும் பயந்த தோலாகவே இருக்கும். வெயிலைத் தடுக்கும் ஸன்ஸ்கிரீன் பூச்சைத் தினந்தோறும் உபயோகிக்க வேண்டும். அதன் உறையில் ‘எஸ்.பி.எப்.’ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் 30 அல்லது அதற்கு மேற்பட்ட எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்ஸைடு கலந்த, சற்று நிறமுள்ள பூச்சு விசேஷம். ஏனெனில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நம் போன்ற சருமத்தில் கறுப்பை ஏற்றக் கூடியது.

இதைப் பொட்டு வைப்பதுபோல் தொட்டு வைத்தால் பிரயோஜனமில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்குமாகச் செலவாக வேண்டும். வெளியே கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூச வேண்டும். வெயிலில் இருந்தால் இரண்டு மணிக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். பூச்சு இருக்கிறதே என்று குடையை விடக் கூடாது. குடை இருக்கிறதே என்று பூச்சை விடக் கூடாது.

மங்கு மறுபடி வரும் சுபாவமுள்ளது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தோலுரிப்பு அதை வேரோடு பிடுங்குவதில்லை, மட்டுப்படுத்துகிறது. வெயிலை விலக்கும் பழக்கம் நின்றால் மங்கு பழைய இடத்துக்குத் திரும்பி வந்து உட்காரும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

இவ்வளவையும் படித்த ஒரு குடும்பத் தலைவி, ‘ஒரு வாரம் அடுப்படிக்குப் போகாமல், வெயிலில் இறங்காமல், தண்ணீர் எடுக்காமல் இருக்க எனக்கு யார் சம்மதம் கொடுப்பார்கள்?’ என்று கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. சிகிச்சைக்குப் பணம் கொடுக்கத் தயாராக உள்ள வீட்டார், ஏழு நாள் ஓய்வைக் கொடுக்கத் தயங்குவது பல குடும்பங்களில் காணும் காட்சி. பணம் கட்டியது அரைச் சிகிச்சைக்குத்தான். மற்ற அரைச் சிகிச்சை அந்த ஓய்வு. கணவர் ஒரு வாரம் சோறு வடித்தாலும், மாமியார் களத்து வேலையை மேற்பார்த்துக் கொண்டாலும் கௌரவம் குறைந்துவிடாது.

அந்த ஓய்வு எவ்விதத்திலும் சாத்தியமில்லை என்றால், உதாரணமாக அறுவடைக் காலத்தில் காட்டுக்குப் போய்த்தான் தீர வேண்டும், தீப்பெட்டி ஆபீஸில் விடுப்புக் கிடையாது என்றால், தோலுரிப்பை இப்போதைக்கு வேண்டாமென்று ஒத்திப் போடுவதே புத்திசாலித்தனம். அதைச் சொல்ல டாக்டருக்கும் மனமிருக்க வேண்டும். கேட்க நமக்கும் மனமிருக்க வேண்டும். தலையில் முக்காடு, கையில் குடை, முகத்தில் வெயில் தடுக்கும் பூச்சு, டாக்டர் எழுதிக் கொடுத்த கிரீம் இவற்றைக் கொண்டே பலருடைய மங்கு மெள்ள மெள்ளத் தணிந்துவிடுவதுண்டு. அமிலம் எங்கும் ஓடிப் போகாது. மழை பெய்து, வேலை ஓய்ந்து, வெயில் தணிந்த ஒரு கார்த்திகை மாதத்தில் அதை நிதானமாகச் செய்து கொள்ளலாம்.